கஅபாவின் மேல் ஒலித்த குரல்

மனிதர் ஒருவரையொருவர் அளப்பதற்குக் கோல்கள் பல வைத்திருக்கின்றனர். குலம் ஒரு கோல். நிறம் ஒரு கோல். பொருள் ஒரு கோல். பிறந்த நாடும் பேசும் மொழியும் வேறு சில கோல்கள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கா நகரில் இக்கோல்கள் அனைத்தாலும் அளக்கப்பட்டு, அனைத்திலும் கடைநிலையில் வைக்கப்பட்ட ஒருவர் வாழ்ந்தார். அவருக்குத் துணை நிற்கக் குலம் இல்லை. கையில் பொருள் இல்லை. தம் உடலின் மீது தமக்கே உரிமை இல்லை. அவர்தம் பெயர் பிலால் இப்னு ரபாஹ்.

இன்று அப்பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. அவர் பட்ட துன்பங்களை நாம் குழந்தைப் பருவம் முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். எனினும், துன்பத்தோடு மட்டும் அவர் வரலாற்றை நிறுத்திவிடுதல் முறையன்று. உலகம் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய ஒருவர் எதனை ஊன்றுகோலாகக் கொண்டு நிமிர்ந்து நின்றார்? அவரை இறைவன் மதித்தான் என்பதை அவரைச் சூழ்ந்திருந்தோர் எவ்வாறு கற்றுக்கொண்டனர்? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு அப்பெருமகனாரின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

அடிமைத் தளையில்

பிலால் (ரலி) அவர்களின் தந்தையார் ரபாஹ், தாயார் ஹமாமா. ஹபஷா எனப்பெறும் அபிசீனிய மரபினர். பிலால் (ரலி) மக்காவில் குறைஷியரின் ஒரு கிளையான ஜுமஹ் குலத்தாரிடம் அடிமையாக வளர்ந்தார். அக்குலத்தின் தலைவருள் ஒருவனான உமையா இப்னு கலஃப் அவருடைய எசமானன். அக்கால அரபு நாட்டில் ஒருவருக்குப் பாதுகாப்பு என்பது குலத்தால் வருவது. குலத்தான் ஒருவனைப் பிறர் தீண்டினால் குலம் முழுதும் வாளெடுக்கும். அடிமைக்கோ அத்தகைய அரண் இல்லை. அவனைக் காக்க வேண்டியவனும் வருத்தக்கூடியவனும் எசமானன் ஒருவனே.

கி.பி. 610ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இறைச்செய்தி அருளப்பெற்றது. இறைவன் ஒருவன், அவன் முன் அனைவரும் அடியார் என்னும் அச்செய்தி, மக்காவின் செல்வர்க்கு அச்சத்தை ஊட்டிற்று, எளியோர்க்கு உயிர்ப்பை ஊட்டிற்று. தம் இஸ்லாத்தை முதன்முதலில் வெளிப்படையாக அறிவித்த எழுவருள் பிலால் (ரலி) ஒருவர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கின்றார். நபிகள் நாயகத்திற்கு அவர்தம் பெரிய தந்தையார் அபூதாலிபின் காவல் இருந்தது. அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு அவர் குலம் இருந்தது. பிலாலுக்கு யாரும் இல்லை. ஆயினும் அவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை.

அதன் விளைவு நாம் அறிந்ததே. நண்பகல் வெயிலில் கொதிக்கும் மணலில் கிடத்தப்பட்டார். மார்பின் மேல் பெரும்பாறை ஏற்றப்பட்டது. கழுத்தில் கயிறு பூட்டிச் சிறுவர் கையில் கொடுத்து மக்காவின் தெருக்களில் இழுக்கச் செய்தனர். மறுத்துரைக்குமாறு வற்புறுத்தியபோதெல்லாம் அவர் வாயினின்று வந்தது ஒரே சொல். ஒருவன் என்னும் பொருளுடைய அஹத் என்னும் சொல் அது.

அச்சொல்லின் ஆழத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறைவன் ஒருவனே எனில் எசமானனும் ஒருவனே. உமையா தனக்கு உரிமை என்று கருதிய உடல், உண்மையில் வேறோர் உடையவனுக்கு உரியது. மணலில் கிடந்த அடிமை, மேலே நின்ற தலைவனிடம் அதைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். ஆகவே அச்சொல் வலியின் முனகல் அன்று. தம் மதிப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அறிந்த ஒருவரின் வாக்குமூலம்.

விடுதலை

அபூபக்கர் (ரலி) அவர்கள் பிலால் (ரலி) அவர்களை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். விற்ற பின்னர் எசமானர்கள், மிகச் சிறு விலைக்குக் கேட்டிருந்தாலும் இவ்வடிமையைத் தந்திருப்போம் என்று எள்ளினராம். அதற்கு அபூபக்கர் (ரலி), அவர்கள் எத்துணைப் பெருந்தொகை கேட்டிருந்தாலும் தாம் கொடுத்திருக்கக்கூடும் என்று விடையிறுத்தார்கள் என வரலாற்றாசிரியர் குறிப்பர். ஒரே மனிதர், இரண்டு விலைகள். சந்தையின் கண்ணுக்கும் ஈமானின் கண்ணுக்கும் உள்ள தொலைவு அவ்விலைகளின் இடையே உள்ள தொலைவே.

ஏறத்தாழ இக்காலத்தை ஒட்டியே குறைஷித் தலைவர் சிலர் நபிகள் நாயகத்திடம் ஒரு வேண்டுகோளை வைத்தனர். தங்களோடு பேச வேண்டுமாயின் இவ்வெளியோரை அவையினின்று விலக்க வேண்டும் என்பதே அது. அவ்வாறு விலக்கக் கோரப்பட்டோருள் பிலாலும் இருந்தார். திருக்குர்ஆனின் ஆறாம் அத்தியாயத்தின் 52ஆம் வசனம் இதற்கு விடையாக இறங்கிற்று. காலையும் மாலையும் தம் இறைவனின் பொருத்தத்தை நாடி அவனை அழைப்போரை விரட்ட வேண்டா என்று அவ்வசனம் தடுத்தது. ஊர்ப் பெரியோர் தம் அவையில் இடமில்லை என்று கருதியவர்களுக்கு, வானிலிருந்து இடம் ஒதுக்கப்பட்டது.

மதீனாவின் விடியல்

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மதீனாவை அடைந்ததும் அந்நகரின் காய்ச்சல் முஹாஜிர்கள் பலரை வாட்டியது. அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் ஒருங்கே நோயுற்றனர். காய்ச்சல் தணிந்தபோது பிலால் (ரலி) மக்காவின் மணப்புற்களையும் அதன் நீர்ச்சுனையையும் அதன் குன்றுகளையும் இனி ஒருமுறை காண்பேனோ என்று ஏங்கிப் பாடினார் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். கயிறு பூட்டி இழுக்கப்பட்ட தெருக்கள் இருந்த ஊர் அது. அவ்வூரை அவர் வெறுக்கவில்லை. கொடுமை செய்தவர் வேறு, பிறந்த மண் வேறு என்று பிரித்தறிந்த நெஞ்சம் அவருடையது.

தொழுகைக்கு மக்களை அழைப்பது எவ்வாறு என்ற ஆலோசனை மதீனாவில் எழுந்தது. மணியோ கொம்போ பயன்படுத்தலாம் என்று கருத்துகள் வந்தன. அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் பாங்கின் சொற்களைக் கனவில் கேட்டு வந்து உரைத்தார்கள். கனவு கண்டவர் அவரே ஆயினும், அச்சொற்களைப் பிலாலுக்குக் கற்பிக்குமாறும், பிலாலின் குரலே மேலானது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அன்று முதல் பிலால் (ரலி) இஸ்லாத்தின் முதல் முஅத்தின் ஆனார்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் நம் கடமை. பிலால் (ரலி) அவர்களுக்கு ஷீன் என்னும் எழுத்து நாவில் வராது என்றும், அவர் அதனை ஸீன் என்றே ஒலித்தார் என்றும் ஒரு கதை மேடைகளில் வழங்கி வருகிறது. இதற்கு அடிப்படை ஏதுமில்லை என்று இப்னு கதீர் போன்ற பேரறிஞர் எழுதிவைத்துள்ளனர். அன்பினால் சொல்லப்படும் கதையே ஆயினும் அது இல்லாத குறையொன்றை அவர்மேல் ஏற்றுகிறது. அவர் இரக்கத்தினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், தகுதியினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அயல்நாட்டு மரபினர் ஆதலால் நாக்குத் திருந்தாதவராகவே இருந்திருப்பார் என்னும் பழைய எண்ணம், புகழ்ச்சியின் வடிவிலும் நம்முள் புகுந்துவிடக்கூடும் என்பதற்கு இக்கதை ஒரு சான்று.

மதீனாவில் பாங்கு சொன்னோர் இருவர். ஒருவர் பிலால் (ரலி). மற்றவர் கண்பார்வை அற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). ஒருவர் நேற்றுவரை அடிமை. மற்றவர் விடியலைப் பிறர் சொல்லக் கேட்டு அறிபவர். ஒரு சமுதாயம் தன் நாளைத் தொடங்கியதும் முடித்ததும் இவ்விருவர் குரலால்தான்.

பள்ளிவாசலை அடுத்திருந்த வீடுகளுள் உயர்ந்தது நஜ்ஜார் குலப் பெண்மணி ஒருவரின் வீடு. வைகறைக்கு முன்பே பிலால் (ரலி) அதன் கூரையில் ஏறி அமர்ந்து, கீழ்வானம் வெளுப்பதை எதிர்நோக்கியிருப்பார். வெளுப்புக் கண்டதும் எழுந்து நின்று, முதலில் இறைவனைப் புகழ்ந்து, குறைஷியர் அவனுடைய மார்க்கத்தை நிலைநிறுத்துவோர் ஆவதற்கு அவன் உதவியை வேண்டுவார். அதன் பின்னரே பாங்கு சொல்வார். ஓர் இரவும் இவ்வேண்டுதலை அவர் விட்டதில்லை என்று அவ்வீட்டுப் பெண்மணி அறிவித்திருக்கிறார். தம் மார்பில் பாறை வைத்த கூட்டத்தாருக்காக இருளில் தனித்து நின்று ஒருவர் நாள்தோறும் இறைஞ்சியதை இறைவன் ஒருவனே கேட்டிருந்தான். கூரைக்குக் கீழே உறங்காதிருந்த ஒரு பெண்மணியும் கேட்டிருந்தார்.

இதனால் அவரை உணர்ச்சியற்ற வானவர் என்று எண்ணிவிடலாகாது. கி.பி. 624இல் பத்ருப் போர்க்களத்தில், சிறைபிடிக்கப்பட்ட நிலையில் உமையாவைக் கண்டபோது பிலால் (ரலி) கொதித்தெழுந்தார். அவனைச் சிறைபிடித்திருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) தடுத்தும் அன்சாரிகளைக் கூவியழைத்தார். உமையா அங்கே வீழ்த்தப்பட்டான். இந்நிகழ்ச்சியை மறைத்தெழுத வேண்டுவதில்லை. பட்ட காயத்தின் வலி அவருக்கும் இருந்தது. அவ்வலியோடுதான் கூரைமேல் நின்று குறைஷியருக்காக வேண்டினார். வலி இல்லாதவரின் மன்னிப்பினும் வலி உள்ளவரின் வேண்டுதல் பெரிது.

அபூபக்கரின் திரும்பு நடை

அபூஸுஃப்யான் இஸ்லாத்தைத் தழுவுவதற்கு முன் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்துள்ளது. பாரசீகரான ஸல்மான் (ரலி), ரோமர் என்று அழைக்கப்பெற்ற ஸுஹைப் (ரலி), அபிசீனியரான பிலால் (ரலி) ஆகியோர் அமர்ந்திருந்த இடத்தின் வழியே அபூஸுஃப்யான் வந்தார். இறைவனின் பகைவர் கழுத்தை இன்னும் வாள்கள் எட்டவில்லையே என்று அவர்கள் கடுமையாகப் பேசினர். குறைஷியரின் பெருந்தலைவரை நோக்கி இவ்வாறு பேசலாமா என்று அபூபக்கர் (ரலி) அவர்களைக் கடிந்துகொண்டார்கள். பின்னர் நபிகள் நாயகத்திடம் சென்று நடந்ததைக் கூறினார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவலையோ வேறாக இருந்தது. அம்மூவரையும் மனம் நோகச் செய்துவிட்டீரோ என்று வினவினார்கள். அவர்களைச் சினமூட்டியிருந்தால் அது இறைவனையே சினமூட்டியதாகும் என்று எச்சரித்தார்கள். அபூபக்கர் (ரலி) உடனே திரும்பி நடந்தார்கள். அம்மூவரையும் உடன்பிறந்தார் என விளித்து, தங்களைச் சினமூட்டிவிட்டேனோ என்று கேட்டார்கள். இல்லை என்றும், இறைவன் அவர்களை மன்னிப்பானாக என்றும் அம்மூவரும் விடையளித்தனர்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாகவே தோன்றுகிறது. பிலாலை விலைகொடுத்து மீட்டவர் அபூபக்கர். உதவி பெற்றவர் உதவி செய்தவர்க்குக் காலமெல்லாம் பணிந்திருக்க வேண்டும் என்பது உலகியல். இங்கோ மீட்டவரே மீட்கப்பட்டவரிடம் வந்து நின்றார். நபித்தோழருள் தலைசிறந்தவரான அபூபக்கருக்கே தலைவர் என்னும் பட்டம் ஒரு கணம் கண்ணை மறைத்தது எனில், நமக்கு எத்துணை விழிப்பு வேண்டும்! குறை நேராதது அவர்தம் பெருமை அன்று. குறை சுட்டப்பட்டதும் திரும்பி நடந்ததே பெருமை.

சுவனத்துக் காலடி ஓசை

ஒரு நாள் வைகறைத் தொழுகையின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிலாலை அழைத்து, இஸ்லாத்தில் அவர் செய்த செயல்களுள் மிக்க நம்பிக்கை தருவது எது என்று வினவினார்கள். சுவனத்தில் தமக்கு முன்னே அவருடைய காலடி ஓசையைத் தாம் செவியுற்றதாகவும் கூறினார்கள். புகாரி தொகுப்பில் காணப்பெறும் செய்தி இது.

பிலால் (ரலி) தாம் பட்ட வேதனைகளை எடுத்துரைத்திருக்கலாம். பாங்குப் பணியைச் சொல்லியிருக்கலாம். அவர் கூறிய விடை இவற்றுள் ஒன்றும் அன்று. இரவிலோ பகலிலோ எப்போது உளூச் செய்தாலும், அந்த உளூவைக் கொண்டு தம்மால் இயன்ற அளவு தொழாமல் இருந்ததில்லை என்பதே அவர் விடை. ஊரார் கண்ணுக்குப்பட்டது பாறையும் கூரையும். இறைவன் கண்ணுக்குப்பட்டது யாரும் காணாத நேரத்துச் சிறு தொழுகை. எளிய செயலொன்றை இடைவிடாது செய்துவந்தவரின் செருப்போசை சுவனத்தை எட்டியது.

கஅபாவின் கூரையில்

கி.பி. 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. நம் உமறுப்புலவரின் சீறாப்புராணம் இந்நிகழ்ச்சியை எட்டு முன்னரே நின்றுவிடுவதால், அவர் தமிழில் இக்காட்சியைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. அன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஅபாவினுள் நுழைந்தபோது உடன் சென்றோர் உஸாமா இப்னு ஸைத் (ரலி), பிலால் (ரலி), திறவுகோலுக்கு உரியவரான உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) ஆகியோர். குறைஷிக் குலத்துப் பெரியோர் வெளியே நின்றனர். உள்ளே நபிகள் நாயகம் தொழுத இடம் எது என்பதை உமரின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) பிலாலிடம் கேட்டே அறிந்தார். ஒரு காலத்தில் சான்று கூறும் தகுதியும் மறுக்கப்பட்டிருந்தவர், இறையில்லத்தினுள் நிகழ்ந்ததற்குச் சான்றாளர் ஆனார்.

பின்னர் கஅபாவின் மேலேறிப் பாங்கு சொல்லுமாறு அவருக்குக் கட்டளை பிறந்தது. எந்த ஊரின் தெருக்களில் இழுக்கப்பட்டாரோ அந்த ஊர் முழுதும் கேட்க, அந்த ஒருவனின் பெயரை உரக்கச் சொன்னார். கீழே நின்ற குலப்பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். இக்காட்சியைக் காணாமல் தம் தந்தையர் இறந்தது நன்று என்றும் பேசினர். மனிதர் அனைவரும் ஓர் ஆண் ஒரு பெண்ணிலிருந்தே படைக்கப்பட்டனர். குலமும் கிளையும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே. இறையச்சம் மிக்கவரே இறைவனிடம் மேன்மையானவர் என்று உரைக்கும் நாற்பத்தொன்பதாம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் இச்சூழலில் இறங்கியதாக விரிவுரையாளர் சிலர் எழுதுவர். அவர் பல்லாண்டுகளாகக் கூரைமேல் நின்று வேண்டியதும் அன்றுதான் கைகூடத் தொடங்கிற்று. முகம் சுளித்தவர்களும் பின்னர் அதே அழைப்பைக் கேட்டு அணிவகுத்து நின்றனர்.

நபிகளாருக்குப் பின்

கி.பி. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தார்கள். அவர்கள் இல்லாத மதீனாவில் பாங்கு சொல்லப் பிலாலின் நெஞ்சு இடந்தரவில்லை. தம்மைத் தமக்காக வாங்கியிருந்தால் வைத்துக்கொள்ளுமாறும், இறைவனுக்காக வாங்கியிருந்தால் இறைவனுக்கான பணியில் செல்ல விடுமாறும் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் கேட்டார். நன்றியும் தன்மதிப்பும் ஒருசேர அமைந்த வேண்டுகோள் அது. பின்னர் அவர் ஷாம் நாடு சென்றார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அபூபக்கர் எங்கள் தலைவர், எங்கள் தலைவரை விடுவித்தவர் என்று கூறுவார்கள். பின்னதாகச் சொல்லப்பட்ட தலைவர் பிலால் (ரலி). உமரின் வாயிலில் ஒருமுறை குறைஷிப் பெரியோர் காத்திருக்க, பிலாலும் ஸுஹைபும் முதலில் உள்ளே அழைக்கப்பட்டனர். வெளியே நின்றோர் முணுமுணுத்தபோது அவர்களுள் ஒருவரான ஸுஹைல் இப்னு அம்ர் (ரலி), அழைப்பு அனைவருக்கும் வந்தது. அவர்கள் விரைந்தனர், நாம் தாமதித்தோம். சினம் கொள்வதாயின் நம்மீதே கொள்வோம் என்று அறிவுறுத்தினார்.

இத்தனை மதிப்பைப் பெற்ற பின்னரும் பிலால் (ரலி) தம்மைப் பற்றிக் கூறியது என்ன? தமக்கும் தம் சகோதரருக்கும் பெண் கேட்டுச் சென்றபோது, தாங்கள் அபிசீனியாவைச் சேர்ந்த அடிமைகளாக இருந்தவர்கள் என்றும், வழியறியாது இருந்தபோது இறைவன் வழிகாட்டினான், அடிமையாய் இருந்தபோது அவன் விடுவித்தான் என்றும் சொன்னார். மணமுடித்துத் தந்தால் இறைவனுக்கே புகழ். மறுத்தால் இறைவனே பெரியவன் என்று முடித்தார். தம் பழைய நிலையை அவர் மறைக்கவும் இல்லை. அதனால் நாணவும் இல்லை.

கி.பி. 638 அளவில் உமர் (ரலி) ஷாம் நாட்டு ஜாபியாவுக்கு வந்தபோது, அவர்கள் வேண்டுகோளுக்கிணங்கப் பிலால் (ரலி) பாங்கு சொன்னார். அங்கிருந்தோர் நபிகள் நாயகத்தின் காலத்தை நினைந்து அழுதனர். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 641ஐ ஒட்டி, அவர் திமிஷ்கில் காலமானார் என்பர். இறுதி நேரத்தில் மனைவியார் துயரால் அரற்ற, தம் அன்பர்களாகிய முஹம்மத் (ஸல்) அவர்களையும் அவர்தம் தோழர்களையும் நாளை சந்திக்கவிருப்பதைச் சொல்லி அவர் மகிழ்ந்தார். பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் அவருடைய கப்ரு என்று போற்றப்படும் இடம் உள்ளது.

நாமும் பிலாலும்

மலாய் நாடுகளில் பாங்கு சொல்பவருக்கே பிலால் என்று பெயர். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்த நம் முன்னோர் இதனை அறிவர். நம் ஊர்களில் அப்பணியாளரை மோதினார் என்கிறோம். முஅத்தின் என்னும் அரபுச்சொல்லின் தமிழ் வடிவம் அது. பெயர் எதுவாயினும் அது பிலால் (ரலி) அமர்ந்திருந்த இடம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய இரவில் நமக்கு ஓர் எண்ணம் எழுந்தது. எம் தெருப் பள்ளிவாசலில் நாள்தோறும் ஐந்து வேளை நம்மை அழைக்கும் மோதினாரின் பெயரை நினைவுகூர முயன்றோம், இயலவில்லை. பல்லாண்டுகளாக அவர் குரலைக் கேட்டு எழுகிறோம். மோதினார் என்னும் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அச்சொல்லின் பின்னே இருந்த மனிதர் மறைந்துவிட்டார். மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அவரிடமே சென்று பெயரைக் கேட்டறிந்தோம். அவர் சிறிது வியந்தார். நாம் மிகவும் நாணினோம்.

மீலாது மேடையில் பிலாலைப் புகழ்தல் எளிது. ஒரே சஹனில் நால்வர் கையிட்டு உண்ணும் மரபுடைய நாம், அந்தச் சஹனில் மோதினாருக்கும் பள்ளிவாசலைக் கூட்டுபவருக்கும் இடம் வைத்திருக்கிறோமா என்று ஜமாஅத்துப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்தம் ஊதியம் ஒரு குடும்பத்திற்குப் போதுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று கூற விழைகிறோம். இக்கல்லூரியின் வாயிலுக்குள் நுழையும்போது உங்களுள் சிலர், தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசுகிறீர்கள். சிலர் நிறத்தை எண்ணியும், சிலர் ஆங்கிலம் வாராமையை எண்ணியும் பின்வரிசையில் ஒதுங்குகிறீர்கள். வகுப்பறையில் பெயர் அழைக்கும்போது தாழ்ந்து ஒலிக்கும் குரல்களை ஆசிரியராகிய நாம் கேட்டிருக்கிறோம். உலகம் ஒட்டிய சீட்டுகள் உங்கள் மதிப்பு அல்ல. உங்களைப் படைத்தவன் உங்களை அறிவான். யாரும் காணாத நேரத்தில் நீங்கள் செய்யும் நற்செயலையும் அறிவான். நிமிர்ந்து விடையளியுங்கள். அதே வேளையில், உங்கள் அருகில் இருப்பவர்மேல் நீங்கள் ஒட்டிய சீட்டு ஏதேனும் உண்டாயின், அபூபக்கர் (ரலி) நடந்ததுபோல் ஒருமுறை திரும்பி நடங்கள்.

கஅபாவின் மேல் அன்று ஒலித்த அழைப்பே இன்றும் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஒலிக்கிறது. அதைக் கேட்டு ஓரணியில் நிற்கும்போது தோளோடு தோள் சேர்கிறது. தொழுகை முடிந்து வெளியே வந்த பின்னரும் அத்தோள்கள் விலகாதிருக்க வல்லோன் அருள்புரிவானாக! ஆமீன்.